நீதவான் இருக்கைக்கு ஒரு வாக்கு

நோர்வூட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் வழக்குத் தவணைக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக் களத்தில் நிற்காதவருக்குச் செக்ரோலில் பேர் விழாது. பேர் விழாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. விடிந்ததும் பஸ் பிடித்து, காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிய வளைவுகளைக் கடந்து, டிக்கோயா தாண்டி, ஹட்டன் நீதிமன்ற வளவில் போய்க் காத்திருக்க வேண்டும். அங்கே நிற்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது இரண்டு கேள்விகள். இப்போது ஐயா யார்? ஐயாவுக்குத் தமிழ் தெரியுமா? அந்த ஐயாவை அங்கே உட்கார வைத்தது யார் என்று எவரும் கேட்பதில்லை. அது கேட்கக்கூடிய கேள்வி என்றே இந்த நாட்டில் தோன்றுவதில்லை.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அது சாதாரணக் கேள்வி. அங்கே ஹில்ஸ்பரோ என்றொரு கவுண்டி இருக்கிறது. இலங்கை வழக்கில் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். சிறு குற்றங்களையும் சிறு தொகை வழக்குகளையும் விசாரிக்கும் கவுண்டி நீதிபதியை ஊர் மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். ஏறத்தாழ ஒரு நீதவானின் இருக்கை. 2009இல் லேனல் வில்லியம்ஸ்-யூலி என்ற சட்டத்தரணி அந்த இருக்கைக்குப் போட்டியிட்டார். தேர்தல் செலவுக்கு நன்கொடை கேட்டு ஒரு கடிதம் எழுதித் தம் கையெழுத்திட்டு வாக்காளர்களுக்கு அனுப்பினார். ஏற்கெனவே பதவியிலிருந்த நீதிபதியிடம் முதற்கட்டத் தேர்தலிலேயே தோற்றும் போனார். கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் நீதிபதிப் பதவிக்குப் போட்டியிடுபவர் தாமே பணம் கேட்கக்கூடாது, ஒரு குழு அமைத்துத்தான் திரட்டலாம் என்பது புளோரிடாவின் விதி. மாநிலச் சட்டத்தரணிகள் சங்கம் அவர்மீது முறைப்பாடு செய்தது. மாநில உயர் நீதிமன்றம் அவரைப் பகிரங்கமாகக் கண்டித்து, 1,860 டொலர் செலவுத் தொகையும் கட்டச் சொன்னது.

அவர் விடவில்லை. வாக்குக் கேட்க அனுமதிக்கும் அரசு, வாக்குக் கேட்பதற்கான செலவைக் கேட்கக்கூடாது என்பது தம் பேச்சுரிமையைப் பறிப்பதாகாதா என்று வாதிட்டு அமெரிக்க உயர் நீதிமன்றம்வரை போனார். 2015 ஏப்ரல் 29ஆம் திகதி ஒன்பது நீதியரசர்களில் ஐந்து பேர் அவருக்கு எதிராகவும் நான்கு பேர் சார்பாகவும் தீர்ப்பளித்தார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பிரதம நீதியரசர் ஜோன் ரொபர்ட்ஸ். வாக்குப் பெட்டி வழியாக வந்தாலும் நீதிபதி அரசியல்வாதி ஆகிவிட மாட்டார் என்பது அவருடைய வாதத்தின் அடி. தம்மை ஆதரித்தவர்களின் விருப்பத்துக்கு அரசியல்வாதி செவிசாய்க்கலாம், சாய்க்கவும் வேண்டும். நீதிபதி அதையே செய்தால் அது குற்றம். ஒரே தேர்தல் நாள், ஒரே வாக்குச்சீட்டு, ஆனால் அதில் பெயர் உள்ள இருவரிடம் நேர் எதிரான இரண்டு குணங்களை ஊர் எதிர்பார்க்கிறது. ஐந்துக்கு நான்கு என்று பிளந்த அந்தத் தீர்ப்பே, சிக்கல் எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சாட்சி.

இந்த வழக்கம் எப்படி வந்தது? அமெரிக்காவின் தொடக்க காலத்தில் நீதிபதிகள் நியமிக்கப்பட்டார்கள். ஆளுநரும் சட்டசபையும் தம் ஆட்களை இருக்கையில் ஏற்றுகிறார்கள் என்ற வெறுப்பு வளர, 1832இல் மிசிசிப்பி தன் எல்லா நீதிபதிகளையும் தேர்தலுக்கு விட்டது. 1846இல் நியூயோர்க்கும் மாறியது. அதன் பின் ஒன்றன் பின் ஒன்றாகப் பல மாநிலங்கள். இன்று 50 மாநிலங்களில் 39இல் ஏதோ ஒரு வடிவில் நீதிபதிகள் வாக்காளர் முன் நிற்கிறார்கள். அதிகாரத்தில் இருப்பவனின் கையாளாக நீதிபதி இருந்துவிடக்கூடாது என்ற நியாயமான கோபத்தில் பிறந்த ஏற்பாடு அது. மலைநாட்டில் அந்தக் கோபம் எவருக்கும் அந்நியமாக இருக்காது.

அந்த ஏற்பாட்டின் நல்ல முகத்துக்கு உதாரணம் டெக்சாஸில் இருக்கிறது. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் வறிய குடும்பத்தில் பிறந்து, பத்தாம் வகுப்போடு படிப்பு நின்று பீடி சுற்றிய இளைஞர் சுரேந்திரன் கே. பட்டேல். மீண்டும் படித்து, கோழிக்கோட்டில் சட்டம் முடித்து, தாதியான மனைவியோடு 2007இல் ஹூஸ்டனுக்குக் குடிபெயர்ந்தார். 2022 நவம்பரில் போர்ட் பெண்ட் கவுண்டி வாக்காளர்கள் அவரை 240ஆவது மாவட்ட நீதிமன்றத்தின் நீதிபதியாகத் தெரிவு செய்தார்கள். பிரசாரத்தில் அவருடைய ஆங்கில உச்சரிப்பைக் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். அதே கவுண்டியில் கேரளத்தைச் சேர்ந்த இன்னொரு சட்டத்தரணியான ஜூலி மத்தியூ 2018இலேயே கவுண்டி நீதிமன்ற நீதிபதியாக வென்றிருந்தார். பீடிக் கட்டிலிருந்து நீதி இருக்கை வரையான அந்தத் தூரம், லயத்து அறையில் விளக்கைச் சுற்றிப் படிக்கும் பிள்ளைக்குக் கனவாகத் தோன்றலாம். 2025 ஜூன் முதலாம் திகதி மெக்சிக்கோ தன் நீதிபதிகளைத் தேர்தலில் தெரிவு செய்தபோது, மிஸ்டெக் பழங்குடியைச் சேர்ந்த சட்டத்தரணி ஹூகோ அகிலார் ஒர்டிஸ் உயர் நீதிமன்றத்தின் தலைவரானார். நியமன முறையில் அப்படியொருவர் அந்த இருக்கைக்கு வந்திருப்பாரா என்பது நியாயமான கேள்வி. அந்தத் தேர்தலில் வாக்களித்தவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் அளவில்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மறுமுகம் மேற்கு வேர்ஜீனியாவின் நிலக்கரி மலைகளில் தெரிந்தது. தேயிலைத் தோட்டத்தில் வாழ்பவர்கள் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். மாஸி என்ற பெரிய நிலக்கரிக் கம்பனிக்கு எதிராக ஒரு சிறு சுரங்க உரிமையாளர் வழக்குப் போட்டு, ஐந்து கோடி டொலர் நட்டஈடு வென்றிருந்தார். மேன்முறையீடு மாநில உயர் நீதிமன்றத்துக்குப் போகவிருந்த வேளையில், 2004இல், அந்த நீதிமன்றத்தின் ஓர் இருக்கைக்குத் தேர்தல் வந்தது. கம்பனித் தலைவர் டொன் பிளாங்கன்ஷிப் தம் கையிலிருந்து முப்பது இலட்சம் டொலர் இறைத்து, பதவியிலிருந்தவரைத் தோற்கடித்து பிரென்ட் பெஞ்சமின் என்ற சட்டத்தரணியை வெல்ல வைத்தார். அந்த வழக்கிலிருந்து விலக பெஞ்சமின் மறுத்தார். தீர்ப்பு கம்பனிக்குச் சார்பாக வந்தது, மூன்றுக்கு இரண்டு. 2009இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அதைத் தள்ளி, அவர் விலகியிருக்க வேண்டும் என்றது. அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்தான்.

இதை நோர்வூட்டில் நட்டுப் பார்க்கலாம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தபோது பெருந்தோட்டக் கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயின. நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. 2024இல் 1,700 ரூபா என்று அறிவித்தபோது உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அப்போது இடைக்காலத் தடை கிடைத்தது. முதல் உத்தரவில் தொழிலாளர் மகிழ்ந்தார்கள், இரண்டாவதில் மனம் வெதும்பினார்கள். ஆனால் அந்த நீதியரசர்கள் தேர்தலில் வந்தவர்களாக இருந்து, தேர்தல் செலவை ஏதாவதொரு கம்பனி ஏற்றிருந்தால், அல்லது ஏதாவதொரு தொழிற்சங்கம் ஏற்றிருந்தால், அந்த இரண்டு உத்தரவுகளில் எதை எவர் நம்பியிருப்பார்?

தொழிற்சங்கம் என்று சொன்னது காரணத்தோடுதான். மலைநாட்டில் நீதவான் தேர்தல் நடந்தால் வேட்பாளரை நிறுத்தப்போவது சங்கங்கள்தான். ஒரே லயத்தில் ஒரு வீடு ஒரு சங்கம், அடுத்த வீடு மற்றச் சங்கம். நாளை அந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் மரக்கறித் தோட்ட வேலிக்காக வழக்கு வந்தால், மற்றச் சங்கத்துக்காரர் என்ன நம்பிக்கையில் கூண்டில் ஏறுவார்? நுவரெலியா மாவட்டத்தில் மலையகத் தமிழர் பெரும்பான்மை என்பதால் இங்கே ஒரு தமிழ் நீதவான் வெல்லலாம். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் களுத்துறையிலும் சிதறி வாழும் தோட்ட மக்களுக்கு அந்தக் கணக்கு நேர்மாறாகத் திரும்பும். அம்பகமுவைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தவருக்கு இங்கேயே அதே அச்சம் வரும்.

இலங்கையில் நீதவானையும் மாவட்ட நீதிபதியையும் நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழு. பிரதம நீதியரசரும் உயர் நீதிமன்ற நீதியரசர் இருவரும் அதன் உறுப்பினர்கள். நியமனம், இடமாற்றம், பதவி நீக்கம் மூன்றும் அவர்கள் பொறுப்பு. வாக்குப் பெட்டிக்கும் நீதி இருக்கைக்கும் இடையில் இந்த நாட்டில் பாதையே இருந்ததில்லையா என்றால், அதன் ஓரம்வரை ஒருமுறை வந்து போனது. 1871ஆம் ஆண்டின் கிராமச் சங்கங்கள் கட்டளைச் சட்டம், கம்சபைகள் என்ற பழைய ஊர்ச் சபைகளின் நினைவில், கிராம மக்கள் தெரிவு செய்யும் குழுக்களையும் சிறு வழக்குகளை விசாரிக்கும் கிராமிய மன்றங்களையும் உண்டாக்கியது. மன்றத் தலைவரை மட்டும் அரசு நியமித்தது. அந்தக் கிராம உலகத்துக்குள் தோட்டம் சேர்க்கப்படவில்லை. 1937இல் கிராமச் சங்கங்களின் அதிகாரம் விரிந்தபோது இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு அதில் வாக்கு மறுக்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. மறுபடியும் சட்டம் திருத்தப்பட்டபோது, எந்த இனத்தவரானாலும் தோட்டம் கொடுத்த வீட்டில் குடியிருக்கும் தொழிலாளிக்கு வாக்கில்லை என்று எழுதிவிட்டார்கள். இனத்தின் பெயர் மறைந்தது, லயம் மட்டும் காரணமாக நின்றது.

உத்திரமேரூர்க் கல்வெட்டைத் தமிழர் பெருமையோடு சொல்வார்கள். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தகன் காலத்தில், குடவோலை இட்டு ஊர்ச் சபையின் வாரிய உறுப்பினரைத் தெரிவு செய்த விதிகள் அதில் இருக்கின்றன. ஊர் வழக்குகளையும் அந்தச் சபையே தீர்த்தது. பிரசாரம் இல்லை, பணம் இல்லை. குடத்திலிருந்து ஓலையை எடுப்பது ஒரு சிறுவன். கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. புளோரிடாவும் மேற்கு வேர்ஜீனியாவும் இன்று தேடும் தடுப்புகள் பல அங்கே அன்றே இருந்தன. ஆனால் ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் இறை கட்டும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் இருக்க வேண்டும். ஆயிரம் ஆண்டு கழித்து, கடல் கடந்து, அதே தமிழ் நாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளை அதே சொந்த மனை என்ற நிபந்தனைதான் வெளியே நிறுத்தியது.

தோட்டத்துக்கு உள்ளே வேறொரு நீதி நடந்தது. தோட்டத்தை நடத்தும் துரையின் ஆபீஸ் வாசல்தான் மன்றம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவிப்பின்றி வேலையை விட்டுப் போவதும் வேலை செய்ய மறுப்பதும் வெறும் ஒப்பந்த மீறல் அல்ல, குற்றம். கடூழியச் சிறை மூன்று மாதம்வரை கிடைக்கும். வாரண்டு பிறப்பித்துப் பிடித்து வருவார்கள். துரைமார் சிலருக்கே சமாதான நீதவான் பட்டமும், உத்தியோகப்பற்றற்ற பொலிஸ் நீதவான் அதிகாரமும் அரசு கொடுத்திருந்தது. முறைப்பாடு செய்பவரின் விருந்து நண்பர் விசாரிப்பவராக இருந்த காலம் அது. கடனாளியாகவே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குத் தொழிலாளரைக் கைமாற்றிய துண்டு முறையும் கூடவே ஓடியது.

அந்தக் காலத்தில்தான் தோட்ட மக்களின் வழக்கைச் சட்டத்தரணிகள் கையில் எடுத்தார்கள். 1919இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கினார். அவரோடு நின்று அதைக் கட்டியவர் மலையகத்தைச் சேர்ந்த பெரி சுந்தரம், கேம்பிரிட்ஜில் படித்துப் பாரிஸ்டரானவர். ஒப்பந்த மீறலுக்குச் சிறை என்ற விதியை ஒழிப்பதே அவர்களின் முதல் இலக்கு. 1920களின் தொடக்கத்தில் அந்தச் சிறைத் தண்டனையும் துண்டும் சட்டத்திலிருந்து நீங்கின.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. டொனமூர் அரசியலமைப்பின் கீழ் அமைந்த அரசாங்க சபைக்கு ஹட்டன் தொகுதியிலிருந்து தெரிவானவர் அதே பெரி சுந்தரம். தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரும் ஆனார். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலும் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் 1935இலும் நிறைவேறியது அந்தச் சபையில்தான். சட்டத்தரணி ஒருவர் தேர்தலில் நின்று இந்த மலைகளுக்குக் கொண்டுவந்த மிகப் பெரிய நீதி என்று அந்த இரண்டு சட்டங்களைத் துணிந்து சொல்லலாம். அடுத்த தேர்தலில், 1936இல், ஹட்டன் தொகுதி கோ. நடேசய்யரின் கைக்கு மாறியது. அவர் சட்டத்தரணி அல்ல, பத்திரிகையாளர். தோட்டந்தோறும் தொழிலாளரைத் திரட்டியவர். மக்கள் தங்களுக்காகப் பேசும் ஆளை மாற்றிக்கொள்ளும் உரிமையைப் பயன்படுத்தினார்கள்.

இங்கேதான் மலைநாட்டின் அனுபவம் புளோரிடாவிலிருந்து பிரிகிறது. தீர்ப்புச் சொல்பவரைத் தெரிவு செய்யும் உரிமை இந்த மக்களிடம் ஒருநாளும் இருந்ததில்லை. தீர்ப்புச் சொல்பவர் முன் பேசுபவரைத் தெரிவு செய்யும் உரிமையைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தபோது, விசாரணை ஆணைக்குழு முன் அவருடைய மனைவிக்காக எழுந்து நின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா. அந்த ஆணைக்குழுவை அமைத்தது ஆட்சி. ஆனால் கூண்டில் நின்ற பொலிஸ் அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்த குரல் தொழிலாளரின் குரல்.

அந்தக் குரலைத் தெரிவு செய்யும் வாக்கையே பிறகு பறித்தார்கள். 1947 தேர்தலில் மஸ்கெலியாவில் ஜீ. ஆர். மோத்தா, தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, நுவரெலியாவில் எஸ். தொண்டமான் எனத் தோட்ட மக்களின் வேட்பாளர்கள் வென்றார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் அந்த வாக்காளரைப் பட்டியலிலிருந்து துடைத்தெறிந்தன.

அப்போது கேகாலை மாவட்டத்தில் நடந்தது மறக்கப்பட்டுவிட்ட ஒரு நிகழ்ச்சி. வாக்காளர் இடாப்பைத் திருத்தும் அதிகாரியாக இருந்தவர் என். சிவஞானசுந்தரம். தம் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று கோடகன் பிள்ளை என்பவர் விண்ணப்பித்தார். அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு எந்தச் சமூகத்துக்கும் பாரபட்சமான சட்டத்தைத் தடுக்கிறது. ஆகவே இந்த இரண்டு சட்டங்களும் செல்லாது என்று சொல்லி சிவஞானசுந்தரம் அந்தப் பெயரைச் சேர்த்தார். அவர் பிரதம நீதியரசர் அல்ல. பெயர்ப் பட்டியல் சரிபார்க்கும் ஓர் அதிகாரி. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தைத் தம் மேசையில் வைத்து அரசியலமைப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, செல்லாது என்று எழுதும் துணிவு அவருக்கு இருந்தது. முதன்நாயக்க என்பவரின் விண்ணப்பத்தில் 1951இல் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்துச் செய்தது. 1953இல் லண்டன் கோமறைக் கழகமும் அதையே உறுதிப்படுத்தியது. தன் பிரஜைகள் யார் என்று வரையறுப்பது எந்த நாட்டுக்கும் இயல்பான உரிமை என்றும், இந்திய, பாகிஸ்தானிய வதிவாளருக்கு வேறொரு சட்டத்தின் வழியே வாசல் திறந்துதானே இருக்கிறது என்றும் அந்தத் தீர்ப்புச் சொன்னது. அந்த வாசலில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் நின்றார்கள். உள்ளே விடப்பட்டது சுமார் 134,000 பேர். இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தம், கப்பல், பிரிந்த குடும்பங்கள் என்று வரலாறு போய், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை நாடற்றவர் என்ற சொல் மலையை விட்டு இறங்கவில்லை.

நியமிக்கப்பட்ட நீதிபதிகள் கைவிட்ட கதை இது. தேர்தலில் வந்த நீதிபதிகளாக இருந்திருந்தால் காப்பாற்றியிருப்பார்களா? 1951இல் அந்தச் சட்டங்களுக்கு நாட்டில் பெரும்பான்மை ஆதரவு இருந்தது. வாக்கு இழந்தவரின் வழக்கை, வாக்கு உள்ளவரிடம் மறுபடி வாக்குக் கேட்கப் போகும் நீதிபதி எப்படித் தீர்ப்பார் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

வாக்கில்லாத அந்த நீண்ட காலத்தில் மக்கள் கையில் மிஞ்சியது சங்கம். தோட்டத்துக்குத் தோட்டம் அங்கத்தவர்கள் ஒரு தலைவரைத் தெரிவு செய்தார்கள், மாதர் தலைவியையும்தான். வேலை நிறுத்தப்பட்டுப் பத்துச் சீட்டுக் கிடைத்தவருக்காகத் துரையிடம் போவது, முழுநாள் வேலைக்கு அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளையோடு வாதாடுவது, கோயில் திருவிழா வரவுசெலவில் வந்த சண்டையைத் தீர்ப்பது, புருஷன் பெண்சாதி வழக்கைப் பேசி முடிப்பது எல்லாம் தலைவர் தலையில் விழுந்தன. எழுதப்படாத சட்டம், எழுதப்படாத தீர்ப்பு. இந்த மலைகளில் வாக்கால் வந்த நீதிபதி என்று எவரையாவது சொல்ல முடியுமானால் அது தோட்டத் தலைவர்தான். அதன் குறைகளும் அங்கேயே வெளிச்சமாகத் தெரிந்தன. கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள், தலைவரோ அநேகமாக எப்போதும் ஆண். அடி வாங்கிய பெண்ணிடம் பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போகச் சொல்வதே தீர்ப்பாக முடிந்தது. வாக்களித்தவர்களின் மனம் கோணாமல் நடக்க வேண்டிய நீதிபதியின் இக்கட்டை அறிய எவரும் புளோரிடாவுக்குப் போகத் தேவையில்லை.

1957ஆம் ஆண்டின் 62ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தொழில் நியாய சபைகளை உண்டாக்கியபோது இந்த அனுபவத்துக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது. வேலை நீக்கப்பட்ட தொழிலாளி நேரடியாக விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணிதான் பேச வேண்டும் என்பதில்லை; சங்கப் பிரதிநிதியும் எழுந்து பேசலாம். கொழுந்து நிறுக்கும் தராசையும் பிரட்டுக் களத்து வழக்கத்தையும் புத்தகத்தில் தேடாமல் வாழ்ந்தே அறிந்த ஒருவர், கம்பனியின் சட்டத்தரணிக்கு எதிர்மேசையில் உட்கார்ந்து சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது சிறிய மாற்றம் அல்ல. ஊர்ப் பிணக்குகளைப் பேசித் தீர்க்க அடுத்த ஆண்டு வந்த இணக்க சபைகளின் கதி வேறு. அமைச்சர் நியமித்த அவற்றின் உறுப்பினர்கள் எழுபதுகளில் கட்சிக்காரர்களாகவே பார்க்கப்பட்டார்கள். ஆட்சி மாறியதும் அந்தச் சபைகளும் போயின. 1988இல் வந்த மத்தியஸ்த சபைகள் அந்தப் பாடத்தைப் படித்து, மத்தியஸ்தரை நியமிக்கும் பொறுப்பைத் தனி ஆணைக்குழுவிடம் கொடுத்தன.

நோர்வூட்டுக்கென்று ஒரு வாக்குப் பெட்டி உண்மையில் வந்தது அண்மையில்தான். மிகப் பெரியதாக இருந்த அம்பகமுவைப் பிரதேச சபை பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா சபைகள் உருவாயின. 2018 பெப்ரவரி 10ஆம் திகதி முதல் தேர்தல் நடந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்ட வீதியையும் லயத்தையும் சபைப் பணத்தில் தொட முடியாமல் கட்டிப் போட்டிருந்தது. 2018இல் அந்தக் கட்டும் தளர்ந்தது. பிறகு 2023 மார்ச்சில் சபைகளின் ஆயுள் முடிந்தது. மார்ச் 9இல் நடக்கவிருந்த தேர்தல், பணமில்லை என்று தள்ளிப்போனது. நோர்வூட் உட்பட நாடெங்கும் ஊராட்சி, மக்கள் பிரதிநிதி இல்லாமல் உத்தியோகத்தர் கையில் இரண்டு ஆண்டுகள் கிடந்தது.

2024 ஆகஸ்ட் 22ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தலை நடத்தாமல் விட்டதால் நிதியமைச்சர் பொறுப்பிலிருந்த ஜனாதிபதியும் தேர்தல் ஆணைக்குழுவும் மக்களின் அடிப்படை உரிமையை மீறிவிட்டார்கள் என்றது. அப்போது அந்த ஜனாதிபதியே ஒரு மாதத்தில் வரவிருந்த ஜனாதிபதித் தேர்தலின் வேட்பாளர். எவரிடமும் வாக்குக் கேட்டு வராத ஐந்து பேர், வாக்கு என்பது உரிமை என்று நாட்டின் தலைவருக்கு எழுதிக் கொடுத்தார்கள். 2025 மே 6இல் தேர்தல் நடந்தது. 1951இல் வாக்கை விட்டுக்கொடுத்த நீதியரசர்களைப் போலவே இந்த ஐவரும் நியமனத்தால் வந்தவர்கள். ஆனால் இம்முறை வழக்குப் போட்டவர்களும் அவர்களுக்காகப் பேசியவர்களும் எல்லோரும் வாக்குள்ள பிரஜைகள்.

அதனால் நோர்வூட்டுக்காரர் கேட்க வேண்டியது நீதவான் தேர்தல் அல்ல. தவணைக்குப் போகிறவர் கேட்கும் அந்த இரண்டாவது கேள்விக்கான பதில்தான் அவர்களுக்குச் சேர வேண்டிய கடன். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சிங்களத்தையும் தமிழையும் நீதிமன்ற மொழிகளாக்குகிறது. ஆனால் வடக்கு கிழக்குக்கு வெளியே பதிவேடு ஓடுவது சிங்களத்தில். தமிழில் பேசவும், மொழிபெயர்த்துக் கேட்கவும் உரிமை உண்டு. நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999 வர்த்தமானியிலேயே இருமொழிப் பிரிவுகளாகிவிட்டன. நடைமுறையில் அந்த உரிமை முழுவதும் உரைபெயர்ப்பு முதலியார் ஒருவரின் தொண்டையில் தொங்குகிறது. அவர் அன்றைக்கு வரவில்லை என்றால் தவணை தள்ளும். வந்திருந்தால், சாட்சி ஐந்து நிமிடம் சொன்னது இரண்டு வரியாகச் சுருங்கிப் பதிவேட்டில் ஏறும். பிரட்டு, துண்டு, கைக்காசு, பேர், அரைப்பேர் என்ற சொற்களுக்கு எந்த அகராதியும் அவர் கையில் இல்லை. தமிழ் அறிந்த நீதவான்கள் போதுமான அளவில் வருவதும், லயத்திலிருந்து சட்டக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் கொழும்பிலேயே தங்கிவிடாமல் ஹட்டன் வளவில் கறுப்புக் கோட்டுடன் நிற்பதும், தேர்தல் எதுவும் தராத ஒன்றைத் தரும்.

பிற்பகலில் ஹட்டன் பஸ் தரிப்பிடத்தில் மஸ்கெலியாப் பஸ்ஸும் பொகவந்தலாவைப் பஸ்ஸும் புறப்படக் காத்திருக்கும். எதில் ஏறினாலும் நோர்வூட் சந்தியில் இறங்கலாம். தவணைக்கு வந்தவர் லோயரின் பின்னால் வேகமாக நடந்து வந்து, பஸ் கிளம்புமுன் ஒன்றைக் கேட்டுவிடப் பார்ப்பார். தீர்ப்பு எப்போது என்பதல்ல அவர் கேட்பது. உள்ளே ஐயா நிறையப் பேசினாரே, என்ன சொன்னார்?